போதையிலிருந்து மீளும் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து நாலைந்து பேர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் கேட்டார்: “நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறீர்களாமே?”

போய்வந்தது உண்மைதான். அமெரிக்காவில் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் பதின்ம வயதினருக்காக நடக்கும் ஒரு சிறிய பள்ளியில், வாரத்தில் ஒருநாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அந்த அம்மாவுக்குப் பிறகு இன்னும் பலர் கேட்டுவிட்டார்கள், எல்லோரும் தாழ்ந்த குரலில்தான். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவரல்ல. மருந்து, சிகிச்சை பற்றிய முடிவுகளை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மீட்சிப் பள்ளி என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ‘ரெகவரி ஹை ஸ்கூல்’ என்பார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான உயர்நிலைப் பள்ளி. மற்ற பள்ளிகளில் உள்ள கணக்கு, வேதியியல், வரலாறு எல்லாம் இங்கேயும் உண்டு. முடித்தால் மாநிலம் ஏற்கும் பள்ளிச் சான்றிதழும் உண்டு. சேரும் ஒவ்வொரு மாணவரும் குடி, கஞ்சா, மாத்திரை என்று ஏதோ ஒன்றிலிருந்து வெளியே வர முயல்பவர் என்பதும், போதையைத் தொடாமல் தெளிவாக இருப்பேன் என்று ஒப்புக்கொண்டு சேர்ந்தவர் என்பதும்தான் வேறுபாடு. பெரும்பாலும் மிகச் சிறிய பள்ளிகள். முப்பது, நாற்பது பேர் இருந்தாலே நல்ல கூட்டம். நாடு முழுவதற்கும் இப்படிப்பட்ட பள்ளிகள் சில டஜன்கள்தான் இருக்கின்றன.

அப்படியென்றால் இது சிகிச்சை மையம்தானே?

இல்லை. உடம்பிலிருந்து போதையை இறக்குவது, மருத்துவமனையில் தங்கவைப்பது, மனநல மருத்துவம் பார்ப்பது எல்லாம் இதற்கு முந்தைய கட்டம். அதை முடித்தவரோ, வெளிநோயாளியாகத் தொடர்பவரோ காலையில் புத்தகப் பையோடு வந்து மாலையில் வீட்டுக்குத் திரும்பும் இடம் இது. ஆலோசகர்கள் பள்ளியிலேயே இருப்பார்கள் என்றாலும் அவர்கள் சிகிச்சைக்கு மாற்று அல்லர்.

பழைய பள்ளிக்கே திரும்பினால் என்ன? எதற்குத் தனிப் பள்ளி?

பலரும் கேட்பது இதைத்தான். பதில் மதிய உணவு வேளையில் இருக்கிறது.

சிகிச்சைக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் பதினாறு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார், சமாளித்துவிடுவான். மணி அடிக்கிறது. உணவுக்கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறான். எந்த மேசையில் உட்காருவது? அவனுக்குத் தெரிந்த மேசை ஒன்றுதான். அவனோடு கழிப்பறையில் வேப்பிங் (மின்-சிகரெட்) கருவியைக் கைமாற்றிக்கொண்டவர்களும், அவனுக்குச் சரக்கு வாங்கிக்கொடுத்தவர்களும் அந்த மேசையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வில்லன்கள் அல்லர், அவனுடைய நண்பர்கள். “எங்கே போயிருந்தாய்?” என்று உண்மையான அக்கறையோடு கேட்பார்கள். மற்ற மேசைகளில் இருப்பவர்கள் இவனைப் பார்த்ததும் பையை நகர்த்தி வைப்பார்கள். சிகிச்சை மையத்தில் கற்றுக்கொடுத்த ‘வேண்டாம் என்று சொல்லும் திறன்’ எல்லாம் இந்த அரை மணி நேரத்தில் கரைந்துபோகும்.

நாற்பத்தைந்து வயதுக்காரர் குடியை விடும்போது பழைய கூட்டாளிகளைத் தவிர்க்கச் சொல்கிறோம். அவரால் வேலையை மாற்றிக்கொள்ள முடியும், வேறு வழியில் வீட்டுக்குப் போக முடியும். பதினாறு வயதுக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. சட்டமே அவரைத் தினமும் ஏழு மணி நேரம் அதே கட்டடத்துக்கு அனுப்புகிறது. மீட்சிப் பள்ளி செய்வது அடிப்படையில் ஒன்றே ஒன்று: உட்காருவதற்கு வேறொரு மேசை தருகிறது.

இந்த யோசனை எப்போது தொடங்கியது?

1979இல் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற பள்ளி தொடங்கியது. இந்த வகையில் அதைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். ஆனால் யோசனை வேரூன்றியது மினசோட்டாவில். கார் எண் பலகையிலேயே ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று எழுதிக்கொள்ளும் மாநிலம் அது. 1949இல் தொடங்கிய ஹேசல்டன் என்ற போதைச் சிகிச்சை மையத்தைப் பின்பற்றி அங்கே எத்தனையோ மையங்கள் முளைத்ததால், ‘பத்தாயிரம் சிகிச்சை மையங்களின் நாடு’ என்று உள்ளூர்க்காரர்களே கேலி செய்வதுண்டு. 1980களின் கடைசியில் அங்கே ‘சோப்ரைட்டி ஹை’ தொடங்கியது. 1989இல் மினியாபொலிஸில் தொடங்கிய ‘பீஸ் அகாடமி’ பல்கலைக்கழகப் பகுதியில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் நெடுங்காலம் நடந்தது. இந்தப் பள்ளிகளை இணைக்கும் சங்கம் 2002இல் உருவானது. மாசசூசெட்ஸ் 2006இல் பாஸ்டன், பெவர்லி, ஸ்பிரிங்ஃபீல்டு என மூன்று ஊர்களில் திறந்தது. ஹூஸ்டனில் ‘ஆர்ச்வே’, இண்டியானாபொலிஸில் ‘ஹோப் அகாடமி’, டென்வரில் ‘5280’ என்று பிறகு பட்டியல் நீண்டது. டென்வர் பள்ளியின் எண் புதிரல்ல; அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து அத்தனை அடி உயரத்தில் இருக்கிறது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

பள்ளிக்குப் பள்ளி மாறும். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை எட்டரைக்கு எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். பழைய சோபாக்கள், பொருத்தமில்லாத நாற்காலிகள். ஒவ்வொருவரும் பெயர், எத்தனை நாள் தெளிவாக இருக்கிறார், நேற்றைய இரவு எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். பேச விருப்பமில்லாதவர் நாள் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். முதல் முறை நான் உட்கார்ந்தபோது என் இடப்பக்கத்தில் இருந்த பெண் “இருநூற்றுப் பதினொன்று” என்றாள். அவளுக்கு அடுத்தவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே “இரண்டு” என்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் மடியில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டை அவன் பக்கம் நீட்டினாள். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான். வட்டம் அடுத்த ஆளுக்குப் போனது.

அதன்பிறகு சாதாரண வகுப்புகள்தான். ஒரே அறையில் ஒருவர் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் போடுவார், இன்னொருவர் நுண்கணிதம் போடுவார். பிற்பகலில் ஆலோசகரோடு குழுக் கூட்டம், உடற்பயிற்சி, சில நாட்களில் இசை. சில பள்ளிகள், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தின் பன்னிரண்டு படிகளைச் சார்ந்து நடக்கின்றன, சில நடப்பதில்லை. ஹூஸ்டனில் பள்ளி நேரம் முடிந்த பிறகும் மாலை, வார இறுதி என்று பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்துவைக்கும் ‘மாற்று நண்பர் குழு’ என்ற ஏற்பாடு 1970களிலிருந்தே உண்டு. சனிக்கிழமை இரவு என்ற ஆபத்தை அந்த ஊர்க்காரர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சிறுநீர்ச் சோதனை உண்டா? அது அவமானமாக இருக்காதா?

பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. முன்னறிவிப்பு இருக்காது. கோப்பையின் பக்கவாட்டில் வெப்பநிலை காட்டும் சிறு பட்டை ஒட்டியிருக்கும், வேறொருவருடையதைக் கொண்டுவந்து ஊற்றினால் அது காட்டிக்கொடுத்துவிடும். அவமானம் பற்றி நானும் ஒரு மாணவனிடம் கேட்டேன். “இல்லை சார், வெளியே யாராவது நீட்டினால், எனக்கு நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்” என்றான். கௌரவம் குறையாமல் மறுப்பதற்கு அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது.

மறுபடி பழக்கத்தில் விழுந்தால் வெளியேற்றிவிடுவார்களா?

பொதுவாக இல்லை. சறுக்கலை இந்த நோயின் போக்கில் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறார்கள். நீரிழிவுக்காரரின் சர்க்கரை ஏறிவிட்டால் மருத்துவர் அவரை வீட்டுக்கு விரட்டுவதில்லை, மருந்தையும் சாப்பாட்டையும் மாற்றிப் பார்க்கிறார். அப்படித்தான். மாணவர், பெற்றோர், ஆலோசகர் மூவரும் உட்கார்ந்து பேசுவார்கள். கூட்டங்கள் கூடும், சோதனை அடிக்கடி நடக்கும், தேவையானால் சில வாரம் மறுபடி சிகிச்சைக்கு அனுப்பித் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் சிக்கல் பெரிதாகும்.

பள்ளிக்குள் கொண்டுவந்து மற்றவருக்குக் கொடுத்தாலோ விற்றாலோ கதை வேறு. அங்கே இரக்கம் காட்டினால் மற்ற முப்பது பேருக்குத் துரோகம்.

இந்த இடத்தில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. நான் போய்வந்த பள்ளியில் ஒரு பையனை மூன்றாவது சறுக்கலுக்குப் பிறகு ‘இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விதிப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அவன் திரும்பிப் போனது அதே பழைய உணவுக்கூடத்துக்குத்தான். அவனுக்காக நான் எடுத்து வைத்திருந்த வடிவியல் தாள் என் பையில் அப்படியே இருந்தது.

இத்தனை போதைப் பழக்கக்காரர்களை ஒரே கூரையின்கீழ் வைத்தால் ஒருவரை ஒருவர் கெடுத்துவிட மாட்டார்களா?

நியாயமான பயம்தான். தண்டனையாகக் கட்டாயப்படுத்திக் கூட்டிவைக்கும் இடங்களில் அப்படி நடப்பதும் உண்டு. இங்கே கூட்டத்தின் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் தெளிவாக இருக்க முயலும் இடத்தில், இரகசியமாக ஊதுபவன்தான் தனித்துப்போவான். பொய்யைக் கண்டுபிடிப்பதிலும் இவர்கள் கெட்டிக்காரர்கள். ஆசிரியர் நம்பிவிடும் சாக்கை, அதே சாக்கைச் சொல்லிப் பழகிய இன்னொரு பதினேழு வயதுக்காரி நம்ப மாட்டாள். ஆனால் சேர்க்கும்போதே ‘எனக்கு விருப்பம் இல்லை, நீதிமன்றம் அனுப்பியது’ என்பவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டால் வழக்கம் குலைந்துவிடும். அதனால்தான் நல்ல பள்ளிகள் சேர்க்கைக்கு முன் மாணவரிடம் தனியாகப் பேசுகின்றன.

பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, அளவாக. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஃபின்ச்சும் சக ஆய்வாளர்களும் மினசோட்டா, விஸ்கான்சின், டெக்சாஸ் மாநிலங்களில் சிகிச்சை முடித்த 194 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு, மீட்சிப் பள்ளியில் படித்தவர்களில் 59 விழுக்காட்டினர் குடியையும் கஞ்சாவையும் மற்ற போதைகளையும் முற்றிலும் தொடாமல் இருப்பதாகச் சொன்னார்கள். மற்ற பள்ளிகளுக்குப் போனவர்களில் அது 30 விழுக்காடு. வகுப்புக்கு மட்டம் போடுவதும் குறைவாக இருந்தது.

இதைக் கொண்டாடுவதற்கு முன் இரண்டு விஷயங்கள். குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வல்ல இது. மீட்சிப் பள்ளியைத் தேடிப்போகும் குடும்பத்துக்கு ஏற்கெனவே கொஞ்சம் கூடுதல் முனைப்பு இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் அதைக் கணக்கிட்டுச் சரிசெய்யத்தான் முயன்றிருக்கிறார்கள். அடுத்தது, அதில் இருந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கும் அப்படியே பொருந்துமா என்று இந்த ஆய்விலிருந்து சொல்லிவிட முடியாது.

படிப்பு கெட்டுவிடாதா? கல்லூரி?

தமிழ்ப் பெற்றோர் இந்தக் கேள்வியை மூன்றாவதாகக் கேட்டால் எனக்கு ஆச்சரியம். முதலாவதாகவே வந்துவிடும்.

சின்னப் பள்ளி என்பதால் உயர்நிலைப் பாடங்களில் தேர்வு குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இயற்பியலின் மேல்நிலைப் பாடம் வேண்டுமென்றால் இணையவழியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ படிக்க நேரிடலாம். ஆனால் சேரும்போது பலர் ஓராண்டுப் படிப்பையே தொலைத்துவிட்டு வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. தொலைத்ததை மீட்பதுதான் அங்கே முதல் வேலை. மாசசூசெட்ஸில் சான்றிதழ் மாணவரின் சொந்த ஊர்ப் பள்ளியின் பெயரிலேயே வருகிறது. மாணவரின் பள்ளிப் பதிவுகளையும் சிகிச்சைப் பதிவுகளையும் காக்கக் கூட்டாட்சிச் சட்டங்கள் இருக்கின்றன.

கல்லூரியிலும் தொடர்ச்சி உண்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988இலிருந்தே மீண்டுவரும் மாணவர்களுக்கெனத் தனி விடுதி நடத்துகிறது. டெக்சாஸ் டெக், மினியாபொலிஸின் ஆக்ஸ்பர்க் போன்றவையும் இதில் பழையவை.

செலவை யார் ஏற்கிறார்கள்? சில பள்ளிகள் மூடப்பட்டதாகக் கேள்விப்பட்டோமே?

அரசுப் பணத்தில் நடப்பவற்றில் கட்டணம் இல்லை. பொதுப் பள்ளிக்கு ஒரு மாணவருக்கென ஒதுக்கப்படும் தொகை அவரோடு வந்துவிடும். தனியார் பள்ளிகளில் கட்டணம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. சிக்கல் என்னவென்றால், தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும்போது முப்பது தலைக்கு வருவது ஓர் ஆலோசகருக்கும் நாலு ஆசிரியருக்கும் போதாது. இந்த ஆண்டு முப்பது, அடுத்த ஆண்டு பதினெட்டு என்று எண்ணிக்கையும் ஆடும். முதலாவதான ஃபீனிக்ஸ் மூடப்பட்டது. மினசோட்டாவின் சோப்ரைட்டி ஹை 2013இல் மூடப்பட்டது. தேவை இல்லாமல் போனதால் அல்ல.

எங்கள் பிள்ளை வேப்பிங்கும் கஞ்சாவும்தானே? பெரிதாக ஒன்றும் இல்லையே?

கஞ்சாதான் இந்தப் பள்ளிகளில் மிகச் சாதாரணமான காரணம். பல மாநிலங்களில் 21 வயதானவர்களுக்கு அது சட்டப்படி கிடைப்பதால் பிள்ளைகள் அதைப் போதையாகவே எண்ணுவதில்லை. ஒருமுறை இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பள்ளி தேவையில்லை, வீட்டில் நிதானமான பேச்சு போதும். காலையில் எழுந்ததும் அது வேண்டும், அதற்காகப் பணம் காணாமல்போகிறது, விட முயன்று முடியவில்லை என்றால் அது வேறு கட்டம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்ற சொல்லே வேண்டாம். தேர்வுக்குக் கண்விழிக்க உதவும் என்று சமூக ஊடகத்தில் வாங்கும் மாத்திரை போலியாக இருந்து, அதில் மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கக்கூடிய ஃபென்டனில் என்ற வலிநிவாரணி கலந்திருக்கலாம். அமெரிக்காவில் 14 முதல் 18 வயதுக்குள் மிகைப்போதையால் இறந்தவர்கள் 2019இல் 492 பேர், 2020இல் 954 பேர். பழக்கக்காரர்களின் எண்ணிக்கை கூடியதால் அல்ல, சரக்கில் நஞ்சு கூடியதால். ஃபென்டனில் போன்றவற்றின் மிகைப்போதையை முறிக்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பு 2023இலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் ஊருக்கு அனுப்பித் தாத்தா பாட்டியோடு விட்டால் சரியாகிவிடாதா?

எங்கள் ஊரிலேயே இரண்டு குடும்பங்கள் அப்படிச் செய்தன. பழைய நண்பர்களிடமிருந்து பிரித்தால் போதும் என்ற உள்ளுணர்வு பாதி சரிதான். ஆனால் எழுபது வயதுப் பாட்டிக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாது. பிள்ளைக்குத் தமிழ் தடுமாறும். சிகிச்சை பாதியில் அறுந்துவிடும். ‘என்னைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்’ என்ற கோபம் மட்டும் நன்றாக வளரும். போதை அங்கேயும் கிடைக்கும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் முதலில் அங்கே ஒரு மருத்துவரைப் பேசி வையுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை இத்துறையில் முன்னோடி. இந்தியா முழுவதற்குமான கட்டணமில்லா உதவி எண் 14446.

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது?

எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவரிடமாவது சொல்லுங்கள். பொங்கலன்று என்னிடம் கேட்ட அம்மா எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தவர். கணவரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்தார். பள்ளிகளில் பெற்றோருக்கான கூட்டங்கள் உண்டு. முதல் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டாவதற்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனார்.

பிள்ளையின் முன்னால் அவனைப் பற்றிப் பேசாதீர்கள், அவனோடு பேசுங்கள். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்’ என்பதை விட்டுவிடுங்கள். சட்டைப்பையைத் துழாவுவதென்றால் துழாவப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பள்ளி இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலோரின் நிலை இதுதான். பள்ளி ஆலோசகரிடம் போய், மதிய வேளையில் உட்கார ஓர் இடமும், தினமும் ஐந்து நிமிடம் பேச ஒரு பெரியவரும் கேளுங்கள். நூலகமாகவோ ஓவிய அறையாகவோ இருக்கலாம். பதின்ம வயதினருக்கான மீட்புக் குழுக்கள் இணையவழியிலும் நடக்கின்றன. அமெரிக்காவில் 1-800-662-4357 என்ற கூட்டாட்சி அரசின் உதவி எண் நாள் முழுவதும் இயங்கும்.

சேர்ப்பதற்கு முன் பள்ளியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், சறுக்கினால் முதல் நாள் என்ன செய்வீர்கள், ஆலோசகர் முழுநேரமா, கோடை விடுமுறையில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கோ போதைக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தோடு வரும் மாணவரை ஏற்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் அதற்கே முகம் சுளிக்கிறார்கள், அது தவறு. பள்ளியைப் பார்க்கப் பன்னிரண்டு மணி வாக்கில் நேரம் வாங்குங்கள். பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது புதிதாக வந்தவன் எங்கே உட்காருகிறான் என்று பாருங்கள்.